பெடிக்யூர் நிலையத்தின் தரத்தை எதைக் கொண்டு அறிவது?

நீரிழிவு நோயுள்ள தம் தாயாரைப் பாத அழகுப் பராமரிப்பான பெடிக்யூருக்கு அழைத்துச் செல்ல விரும்பும் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். இந்தத் தொழிலுக்கென்று தரநிலைகள் உள்ளனவா, சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை நம்பினால் போதுமா, தாயாருக்கு இதைச் செய்துகொள்வது சரியா என்பவை அவை. மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல மற்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் அதைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

தரநிலைகள் உள்ளன. சட்டத்தின் கடுமை நாட்டுக்கு நாடு மாறினாலும், அவற்றின் உள்ளடக்கம் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே அமைகிறது. ஒருவர் காலில் பட்ட கருவியும் தொட்டியும் அடுத்தவர் காலுக்குப் போகும் முன் என்ன செய்யப்படுகின்றன என்பது முதலாவது. பணியாளர் தம் கையை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. நாற்காலியின் சொகுசும் அறையின் நறுமணமும் இவ்விரண்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை. எளிய நிலையம் ஒன்று இவற்றை முறையாகச் செய்வதையும், பளபளப்பான நிலையம் ஒன்று இரண்டிலும் கோட்டை விடுவதையும் காணலாம்.

கருவிகளிலிருந்து தொடங்குவோம். சுத்தம் செய்தல், கிருமிநீக்கம், முழுமையான நுண்ணுயிர் ஒழிப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலைகள். சோப்பும் நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவுவது முதல் நிலை. கண்ணுக்குத் தெரியும் தோல் துகள், நகத்தூள், எண்ணெய்ப் பசை ஆகியவை இதில் நீங்க வேண்டும். இந்த நிலையைத் தாண்டிக் குதித்துவிட்டு நேரடியாகக் கிருமிநீக்கித் திரவத்தில் கருவியைப் போடுவதுதான் மிகப் பரவலான பிழை. அழுக்குக்கு அடியில் இருக்கும் கிருமியைத் திரவம் எட்டுவதில்லை. அதோடு, கரிமப் பொருள்கள் குளோரின் போன்ற வேதிப்பொருள்களின் வலிமையையே உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன.

கழுவிய கருவியை நீர் வடியத் துடைத்த பிறகே திரவத்தில் இட வேண்டும். ஈரத்தோடு போட்டால் கரைசல் நீர்த்துப்போகும். கைப்பிடி உட்பட முழுக் கருவியும் மூழ்க வேண்டும். திரவத்தின் மேல்சீட்டில் எழுதியிருக்கும் தொடர்பு நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம், பெரும்பாலானவற்றுக்கு 10 நிமிடங்கள், அது உள்ளேயே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு முன்பே எடுத்த கருவி கிருமிநீக்கம் செய்யப்படாத கருவிதான். கரைசலை அன்றாடம் மாற்றுவதும், கலங்கிவிட்டால் அதற்கு முன்பே மாற்றுவதும் கட்டாயம். சில நிலையங்களில் மேசைமேல் நீல நிறத் திரவக் குடுவை ஒன்று நாள்முழுதும் நிற்கும்; அதில் கத்தரிக்கோலின் நுனி மட்டும் நனைந்திருக்கும், ஒருவர் எழுந்து அடுத்தவர் அமர்வதற்குள் அதே கத்தரிக்கோல் வெளியே வந்துவிடும். அதைக் கிருமிநீக்கம் என்பதைவிட அலங்காரம் என்பது பொருத்தம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த பரப்பில்கூட, குறைந்தது 7 நாள்கள் தொற்றும் திறனோடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே அதற்குப் போதும். நகப் பூஞ்சைக்குப் பெரும்பாலும் காரணமான ட்ரைக்கோஃபைட்டன் ரூப்ரம், உதிர்ந்த நகத்தூளிலும் தோல் செதிலிலும் நெடுநாள் தங்கக்கூடியது. கால் பெருவிரல் நகம் முழுதாக வளர்ந்து மாற 12 முதல் 18 மாதங்கள் ஆவதால், ஒருமுறை பூஞ்சை பிடித்த நகம் மாத்திரை சாப்பிட்டாலும் ஓராண்டுக்கு மேல் தன் பழைய நிறத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

தோலைக் கிழிக்க வாய்ப்புள்ள நகவெட்டி, இடுக்கி, கத்தரி போன்ற உலோகக் கருவிகளைக் கிருமிநீக்கத்தோடு விடாமல் ஆட்டோகிளேவில் இடுவதே உயர்ந்த தரம். அழுத்தமூட்டிய நீராவி கொண்டு இயங்கும் அந்தக் கருவியில், உறையிட்ட கருவிகளுக்குச் சாதாரண வகையில் 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடங்களும், காற்றை முன்கூட்டியே வெளியேற்றும் வகையில் 132 டிகிரியில் 4 நிமிடங்களும் தேவைப்படுகின்றன. உறையின்மீதுள்ள நிறம் மாறும் பட்டை, அந்த உறை வெப்பத்துக்கு உட்பட்டது என்பதை மட்டுமே காட்டும். நுண்ணுயிர் உண்மையிலேயே அழிந்ததா என்பதை அறிய, வெப்பத்தை மிகவும் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொண்ட சோதனைக் குப்பியைக் குறித்த இடைவெளியில் உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையின் பதிவேடு வைத்திருக்கும் நிலையத்தைக் கண்டால், அங்கே மற்ற வேலைகளும் ஒழுங்காக நடக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். நீலமாக ஒளிரும் புறஊதாப் பெட்டியை ‘ஸ்டெரிலைசர்’ என்று சொல்லிக் காட்டுவோரும் உண்டு. ஒளி படும் பக்கத்தில் மட்டுமே அது செயல்படும். கத்தரியின் மடிப்புக்குள்ளும் கருவியின் அடியிலும் எட்டாது. ஏற்கெனவே சுத்தமான கருவியை வைத்துக்கொள்ளும் அலமாரியாக அது பயன்படலாம், அவ்வளவே.

துளைகள் உள்ள பொருள்களுக்கு இந்த முறைகள் எதுவும் பொருந்தாது. அட்டை அரம், மெருகேற்றும் பஞ்சு அரம், மரக்குச்சி, நுரைக்கல், விரலிடைப் பிரிப்பான் ஆகியவற்றை ஒருவருக்குப் பயன்படுத்தியபின் எறிந்துவிட வேண்டும் என்பதே பொதுவான விதி. வாடிக்கையாளரின் பெயர் எழுதிய பையில் அவற்றைப் போட்டு, அடுத்த வருகைக்கு எடுத்துவைக்கும் வழக்கம் பார்க்க அக்கறையாகத் தெரிந்தாலும், ஈரமான அரம் மூடிய பையில் வாரக்கணக்கில் கிடந்தால் அவருடைய கிருமியே பெருகி அவருக்கே திரும்பி வரும். வீட்டிலிருந்து சொந்தக் கருவி கொண்டுபோவோரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். சொந்தக் கருவி மற்றவரிடமிருந்து காக்கும், கழுவாத சொந்தக் கருவி தன்னிடமிருந்து காக்காது.

அடுத்து, கால் ஊறவைக்கும் தொட்டி. இந்தத் தொழிலின் விதிகளை மாற்றியமைத்த நிகழ்வே இதனோடு தொடர்புடையதுதான். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கலிஃபோர்னியாவில் ஒரே நிலையத்துக்குச் சென்றவர்களில் 110 பேருக்கு முழங்காலுக்குக் கீழே கட்டிகள் தோன்றின. சாதாரணக் கொப்புளம் போலத் தொடங்கி, பெரிதாகி, உடைந்து, ஆறாமல் மாதக்கணக்கில் நீடித்த அந்தக் கட்டிகளுக்குக் காரணம் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூயிட்டம் என்ற பாக்டீரியா. மண்ணிலும் குழாய்நீரிலும் இயல்பாக இருப்பது அது. நீர் சுழன்று பீறிடும் வகைத் தொட்டிகள் அங்கே 10 இருந்தன. பத்திலும் அந்தப் பாக்டீரியா வளர்ந்திருந்தது. நீரை உள்ளிழுக்கும் சல்லடைகளைக் கழற்றிப் பார்த்தபோது, அவற்றின் பின்னால் முடியும் தோல் துகளும் அடர்ந்து படிந்திருந்தன. தொட்டியின் வெளிப்பரப்பைத் துடைத்தாலும், அதே நீர் அந்தப் படிவின் வழியாகச் சுழன்று ஒவ்வொருவர் காலையும் தொட்டு வந்திருக்கிறது.

அந்த ஆய்வில் தெரியவந்த இன்னொரு செய்தியைத்தான் வாடிக்கையாளர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். தொற்று ஏற்பட்டவர்களில் 70 விழுக்காட்டினர் பெடிக்யூருக்கு முன் காலைச் சவரம் செய்திருந்தார்கள். தொற்று ஏற்படாதவர்களில் அவ்வாறு செய்தவர்கள் 31 விழுக்காட்டினரே. சவரக்கத்தி விட்டுச் செல்லும் நுண்ணிய கீறல்களே பாக்டீரியா நுழையும் வாசல்கள். ஆகவே, பெடிக்யூருக்கு முந்தைய 24 மணி நேரத்தில் சவரமோ மெழுகு கொண்டு முடி நீக்குதலோ செய்யக் கூடாது என்று நல்ல நிலையங்கள் முன்பதிவின்போதே சொல்கின்றன.

இதன்பின் கலிஃபோர்னியாவில் வகுக்கப்பட்ட விதிகளின் சாரத்தை இன்று பல இடங்களில் காணலாம். ஒவ்வொருவருக்கும் பிறகு நீரை முழுதாக வடித்து, உட்பரப்பைச் சோப்பு கொண்டு தேய்த்துக் கழுவி, பின் புதுநீரில் கிருமிநீக்கியைக் கலந்து 10 நிமிடங்கள் சுழலவிட வேண்டும். நாள் முடிவில் சல்லடைகளைக் கழற்றி, உள்ளே சிக்கியவற்றை அகற்றித் தேய்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும் தேதியும் நேரமும் இட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். குழாயில்லாத வகை என்று விற்கப்படும் தொட்டிகளிலும் நீரைச் சுழற்றும் விசிறி உண்டு; அதையும் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும். என் பார்வையில், சுழல்நீர் எதுவும் இல்லாத, எளிதில் தேய்க்கக்கூடிய வெறும் பாத்திரமும், அதற்குள் விரிக்கும் ஒருமுறைப் பயன்பாட்டு உறையும் போதுமானவை. ஊறவைக்காமலே செய்யும் உலர் பெடிக்யூர் இன்னும் மேல். ஊறிய தோல் வெளுத்துப் பருத்துவிடுவதால் எது இறந்த தோல், எது உயிருள்ள தோல் என்பது கைக்கும் கண்ணுக்கும் மங்கிவிடுகிறது. மீன்களை விட்டுக் காலைக் கடிக்கச் செய்யும் சேவையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: மீனைக் கிருமிநீக்கம் செய்ய முடியாது.

இரண்டாவது விஷயமான ‘கையை எங்கே நிறுத்துவது’ என்பதற்கு வருவோம். அழகுநிலைய பெடிக்யூர் என்பது நகத்தை வெட்டுவது, மேல்தோலின் இறந்த அடுக்கை அரத்தால் தேய்ப்பது, ஈரப்பதம் தரும் களிம்பு தடவுவது, பிடித்துவிடுவது, வண்ணம் பூசுவது என்ற அளவோடு முடிகிறது. தோலை வெட்டுவது, காலாணியைத் தோண்டுவது, சதைக்குள் இறங்கிய நகத்தைப் பிடுங்குவது, மருவைச் சுரண்டுவது, பூஞ்சைக்கு மருந்து பரிந்துரைப்பது ஆகியவை மருத்துவம் சார்ந்த வேலைகள். சில நாடுகள் இந்தக் கோட்டைச் சட்டத்திலேயே வரைந்திருக்கின்றன. பிரிட்டனில் பாத மருத்துவ வல்லுநரைக் குறிக்கும் ‘போடியாட்ரிஸ்ட்’, ‘கைரோபோடிஸ்ட்’ என்ற பெயர்களை உரிய பதிவு பெற்றவர் மட்டுமே சூட்டிக்கொள்ளலாம். ஜெர்மனியில் 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், மருத்துவப் பாதப் பராமரிப்பாளரான ‘பொடோலோகே’ என்ற பட்டத்தை முழுநேர இரண்டாண்டுப் பயிற்சியோடு இணைத்தது. அழகுக்காகச் செய்யும் பாதப் பராமரிப்புக்கு அங்கே அத்தகைய தகுதி தேவையில்லை. ஆக, சுவரில் ஒரு சான்றிதழ் இருக்கிறது என்பதைக் காட்டிலும், அது எந்த வேலைக்கான சான்றிதழ் என்பதே முக்கியம். அழகுக்கலைப் பயிற்சிச் சான்றிதழ், பாத நோய்களைக் கையாளும் தகுதியாகிவிடாது.

கோட்டைத் தாண்டுவதற்கான முதல் அடையாளம் பிளேடு. குதிகாலின் காய்ப்பைச் சீவும் சவரக்கத்தி வடிவக் கருவியைக் கலிஃபோர்னியா விதிகள் நிலையத்துக்குள் வைத்திருக்கவே தடைசெய்கின்றன. காரணம் எளிது. அரம் தேய்க்கும்போது அளவு மீறினால் எரிச்சல் உண்டாகிக் கை நின்றுவிடும். பிளேடு அளவு மீறியது இரத்தம் வந்தபிறகுதான் தெரியும். மேலும், நடையின் அழுத்தம் விழும் இடத்தில் உடல் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பியதே காய்ப்பு. அதை அடியோடு சீவினால் நடக்கும்போது வலிக்கும், சில வாரங்களில் முன்னைவிடத் தடிப்பாக வளரும். காய்ப்பைக் கரைக்கும் திரவங்களில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரங்கள் இருப்பதுண்டு. குறித்த நிமிடங்களுக்கு மேல் விட்டால் அவை நல்ல தோலையும் எரிக்கும் என்பதால், கடிகாரத்தைப் பார்க்காமல் அவற்றைத் தடவும் பணியாளரைத் தயங்காமல் நிறுத்தச் சொல்லலாம். பித்தவெடிப்புக்கும் இதே அறிவுரைதான்: வெடிப்பின் ஓரங்களை மெல்ல அரம்போட்டு, யூரியா கலந்த களிம்பை வீட்டில் நாள்தோறும் தடவிவந்தால் போதும், ஒரே அமர்வில் வழவழப்பாக்கித் தருகிறேன் என்பது நல்ல வாக்குறுதி அன்று.

நகத்தைப் பொறுத்தவரை நேராக வெட்டி, முனைகளின் கூர்மையை மட்டும் அரத்தால் மழுக்க வேண்டும். ஓரங்களை வளைத்து ஆழமாக வெட்டினால், வளரும்போது அது சதைக்குள் இறங்கும். நகம் முளைக்கும் இடத்தில் அதன்மீது படர்ந்திருக்கும் மெல்லிய தோல், நகத்துக்கும் சதைக்கும் இடையிலான இடைவெளியை அடைத்து நிற்கும் காப்பு. அதை மென்மையாகப் பின்னுக்குத் தள்ளலாம். வெட்டி எடுப்பது நகச்சுற்றுக்கு வழிவிடுவதாகும். பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அதை வெட்டச் சொல்லிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வாடிக்கையாளர்களே என்பதையும் சொல்ல வேண்டும்.

கையுறை அணிந்து, வேலை தொடங்கும் முன், நல்ல வெளிச்சத்தில் இரு கால்களையும் பார்த்து, சில கேள்விகள் கேட்பதும் தரத்தின் பகுதிதான். நீரிழிவு, இரத்த ஓட்டக் குறைவு, இரத்தம் உறையாமல் இருக்க உட்கொள்ளும் மருந்து, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் சிகிச்சை, ஒவ்வாமை ஆகியவற்றைக் கேட்க வேண்டும். விரலிடையில் சேற்றுப்புண், திறந்த காயம், தடித்து மஞ்சளித்த நகம் ஆகியவை உண்டா என்று பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் கெண்டைக்காலைப் பிடித்துவிடவே கூடாது. உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். நகத்தில் காரணமில்லாமல் தோன்றிய பழுப்பு அல்லது கருமைக் கோடு, குறிப்பாக அகலமாகிக்கொண்டே வந்து பக்கத்துத் தோலுக்கும் பரவுவது, மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கக்கூடும். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் பெருவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இதுவே. கால்பந்தாட்டக் காயம் என்றே அது முதலில் கருதப்பட்டது. பணியாளர் நோயைக் கண்டறிய வேண்டியதில்லை, கண்டறியவும் கூடாது. ஆனால் அதன்மீது வண்ணம் பூசி மறைக்காமல், மருத்துவரிடம் காட்டச் சொல்லும் அறிவு அவருக்கு இருக்க வேண்டும். ஐயத்துக்குரிய காலைக் கண்டு ‘இன்று செய்ய முடியாது’ என்று திருப்பி அனுப்பும் நிலையத்தின்மீது கோபப்படுவோர் உண்டு. அந்த மறுப்பைப் போல நம்பகமான தரச்சான்று வேறில்லை.

இப்போது தாயாரைப் பற்றி. நீரிழிவில் கால் இரண்டு வகையில் பாதிக்கப்படுகிறது: நரம்பு தளர்ந்து உணர்ச்சி குறைவது ஒன்று, இரத்தக்குழாய் சுருங்கி ஆறும் திறன் குறைவது மற்றொன்று. உணர்ச்சி இல்லாதவருக்குக் கீறியது தெரியாது, வெந்நீரின் சூடும் தெரியாது. இரத்த ஓட்டம் இல்லாதவருக்கு அந்தச் சிறு கீறல் ஆறாது. ஆகவே, முதல் வேலையாக மருத்துவரிடம் பாதப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சியையும், கணுக்காலிலும் பாதத்திலும் நாடித்துடிப்பையும் பார்க்கும் எளிய சோதனைதான் அது. சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழுவின் வழிகாட்டுதல்படி, இரண்டும் நன்றாக இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், ஏதேனும் ஒன்று குறைந்தவருக்கு 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், இரண்டும் குறைந்தவருக்கோ, ஒரு குறையோடு பாத வடிவமும் மாறியவருக்கோ 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், உணர்ச்சியோ இரத்த ஓட்டமோ குறைந்திருப்பதோடு முன்பு புண் வந்து ஆறியவருக்கு 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் இந்தச் சோதனை தேவை.

உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் சரியாக இருக்கின்றன என்று மருத்துவர் சொன்னால், நல்ல நிலையத்தில் மென்மையான பெடிக்யூர் செய்துகொள்ளத் தடையில்லை. ஊறவைப்பதைத் தவிர்க்கட்டும், கழுவும் நீரின் வெப்பம் 37 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும், விரலிடைகளை உலரத் துடைத்து, களிம்பை அங்கே மட்டும் தடவாமல் விடட்டும், பிளேடும் காய்ப்பைக் கரைக்கும் வேதிப்பொருளும் எந்த வடிவிலும் வேண்டாம். கடைகளில் கிடைக்கும் காலாணிப் பட்டைகளில் 40 விழுக்காடு வரை சாலிசிலிக் அமிலம் இருப்பதால் அவையும் இவருக்கு ஆகா.

பரிசோதனையில் ஏதேனும் ஒன்று குறைவு என்று தெரிந்தால், எவ்வளவு தரமான அழகுநிலையமாக இருந்தாலும் அங்கே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்காகக் காலை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. உணர்ச்சியற்ற பாதத்தில் காய்ப்பு தடிக்கத் தடிக்க அடியிலுள்ள திசுவின்மீது அழுத்தம் கூடி, மேலே தோல் மூடியிருக்க உள்ளே புண் உருவாகும். காய்ப்புக்குள் தெரியும் கருஞ்சிவப்புப் புள்ளி அத்தகைய இரத்தக் கசிவின் அடையாளம். அதை அகற்றத்தான் வேண்டும், ஆனால் பாத மருத்துவப் பயிற்சி பெற்றவரின் கையால்.

பணியாளரின் பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், நாள்முழுதும் நகத்தூளையும், நகப்பூச்சை நீக்கும் அசிட்டோனின் ஆவியையும் சுவாசிப்பவர் அவரே. காற்றோட்டம், முகக்கவசம், ஆளுக்கு ஆள் மாற்றும் கையுறை, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி ஆகியவை அவருடைய உரிமைகள். கண்ணை எரிக்கும் வாடையோடு மூடிக்கிடக்கும் அறை, உரிமையாளர் எதில் சிக்கனம் பிடிக்கிறார் என்பதைக் காட்டிவிடும். ப்ளீச்சை அமிலத்தோடும் அம்மோனியா கலந்த பொருளோடும் சேர்த்தால் நச்சுவாயு எழும் என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும்.

கவனமாகச் செய்தாலும் சில நேரம் இரத்தம் வரும். அப்போது வேலையை நிறுத்தி, காயத்தைக் கழுவி, கட்டுப் போட்டு, அந்தக் கருவியை ஒதுக்கிவைத்து, நடந்ததை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீடு திரும்பிய பின் ஓரிரு நாளில் சிவந்து வலித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சில வாரங்கள் கழித்துக் காலில் தோன்றும் ஆறாத கட்டியைப் பெடிக்யூரோடு யாரும் தொடர்புபடுத்துவதில்லை. மைக்கோபாக்டீரியா அவ்வளவு தாமதமாகவே வெளிப்படும். வழக்கமாகக் கட்டிக்குத் தரும் மருந்துகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படாது. அதற்கென்று சொல்லிச் செய்தாலொழிய ஆய்வகச் சோதனையிலும் தப்பிவிடலாம். ஆகவே, எந்தத் தேதியில் எந்த நிலையத்தில் கால் ஊறவைத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அந்த நிலையத்துக்கும் தெரிவியுங்கள்.